ஆதாரம் இருக்கா ஐயா?

மனித குலத்துக்கு இத்தால் சகல மரியாதையுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஆக்டோபஸ்ஸுக்கு மூன்று இதயங்கள்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் பகிர்ந்த முதல் தகவல் இதுதான். இன்ஸ்பெக்டர் மேடம், "நடந்ததை மட்டும் எழுதுங்க, கதை வேணாம்" என்று சொல்லித் தாளும் பேனாவும் வைத்துவிட்டுப் போனீர்கள். நடந்தது ஆக்டோபஸ்ஸில்தான் தொடங்குகிறது, நான் என்ன செய்ய. கீழ்வீட்டக்காவைப் பற்றியும், என் பேத்தி மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்ததைப் பற்றியும்தான் உங்களுக்கு வேண்டும். வருகிறேன். அவசரப்பட்டு எழுதினால் தவறு வரும். தவறு எனக்குப் பிடிக்காது.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பரிசீலிப்பது என்பது வெளியே சொல்லும் சொல். உள்ளே செய்வது நிராகரிப்பது. வேலையில் இருந்தவரை என் மேஜை முன்னால் ஜனங்கள் நின்றார்கள். ஓய்வு பெற்றபின் ஒருவரும் நிற்கவில்லை. வீட்டில் மனைவி, மகள், மாப்பிள்ளை, பேத்தி என்று நிறைய பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். ஃபிரிட்ஜைத் தாண்டிப் போகும்போதாவது ஒருமுறை திறந்து பார்ப்பார்கள்.

ஆகவே இணையத்தில் மேயத் தொடங்கினேன். அங்கே எவ்வளவு கொட்டிக் கிடக்கிறது தெரியுமா மேடம். வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள், அங்கே ஓர் ஆண்டைவிட நீளம். வாம்பேட் என்று ஒரு பிராணி. அது கனசதுரமாகச் சாணம் போடும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு சும்மா இருப்பது எனக்குச் சுயநலமாகப் பட்டது. தினமும் காலையில் 'இன்றைய வியப்பு' என்று தலைப்பிட்டு ஒன்றைக் குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கட்டைவிரலைத் தூக்குவதற்கு எதையும் படிக்க வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மனைவிக்கு இதில் ஆர்வம் இல்லை. "உங்க ஆக்டோபஸ்ஸுக்கு மூணு இதயம் இருந்துட்டுப் போகட்டும். இந்த வீட்ல ஒரு ஆளுக்கு ஒண்ணாவது இருக்கான்னு தேடிப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அவள் எப்போதும் வேடிக்கையாகத்தான் பேசுவாள்.

இனி கீழ்வீட்டக்கா. எங்களைவிட வயதில் இளையவர்தான், ஆனாலும் குடியிருப்பு முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. கணவர் இல்லை. பெற்றோர் வேலைக்குப் போனபின் குடியிருப்பின் சின்னப் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொள்வார். அதுதான் அவருக்கு வருமானம், அதுதான் அவருக்கு நாள். வாசலில் உள்ளங்கை அளவுச் செருப்புகள் வரிசையாக இருக்கும். உள்ளே சுருட்டி வைத்த பாய்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மிருகப்படம் ஒட்டிய தம்ளர். என் பேத்திக்கு யானை. பேத்தியை நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். மூன்று வயது தாண்டியவள். தினமும் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு போய் விடுவது என் வேலை. எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரே வேலை.

ஒருநாள் நான் ஒரு படத்தைப் பகிர்ந்தேன். இழை இழையான காம்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பொடி மொட்டுகள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் தெய்வீக மலர், இதைப் பார்ப்பவர் பாக்கியசாலி என்று எழுதியிருந்தது. நானும் அப்படியே எழுதினேன், கடைசியில் 'அனைவருக்கும் பகிருங்கள்' என்று சேர்த்தேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூப்பிய கைகள் போட்டார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா கண்ணில் நீர் மல்கும் முகம் போட்டாள். அப்புறம் கீழ்வீட்டக்கா எழுதினார்.

"ஆதாரம் இருக்கா ஐயா? நான் தேடிப் பார்த்தேன். இது பூ இல்ல. பூச்சி முட்டை."

கூடவே ஒரு இணைப்பு. திறந்தேன். பூச்சி முட்டைதான்.

குழு சிரித்தது. கட்டைவிரலைத் தவிர வேறு எதையும் அசைக்காதவர்கள் எல்லாம் அன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தட்டுக்குள் விட்டுக்கொண்டு குலுங்கினார். "மாமா, பாக்கியசாலி ஆயிட்டோம்" என்றார். மறுநாள் பாப்பாவை விடப் போனபோது செடித்தொட்டியைக் காட்டி, "பூ பாரு" என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "பூவா, பூச்சி முட்டையா தாத்தா? அக்காகிட்ட கேக்கலாம்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றிதான் வந்தது. அன்று முதல் ஒரு முடிவு எடுத்தேன்: இனி ஆதாரம் இல்லாமல் ஒரு சொல் அனுப்பமாட்டேன். அனுப்பவும் இல்லை. ஒரு தகவலை மூன்று இடத்தில் சரிபார்த்தேன். கீழ்வீட்டக்கா தேடிப் பார்த்து, "இது சரிதான் ஐயா. நல்லா இருக்கு" என்று பதில் போடுவார். வேறு யாரும் அப்படிப் போட்டதில்லை. பரீட்சைத் தாளில் சரிக்குறி போடுவது போல இருந்தது. யார் தாள், யார் பேனா என்று யோசித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

என் பழைய வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு மனு பொய் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒரு கேள்வி கேட்டால் போதும். 'தீப்பிடித்தபோது நீங்கள் மட்டும் ஏன் வெளியே இருந்தீர்கள்?' கடைக்குப் போயிருந்தேன் என்பார். கடைக்குப் போனதற்கு யார் சாட்சி என்று அடுத்த கேள்வி தானாக வரும். மனிதன் உண்மையைச் சொல்லச் சொல்ல அவன் முகம் திருடன் முகமாக மாறும். இதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வியப்பான விஷயம்தான், ஆனால் குழுவில் பகிர்ந்ததில்லை.

பிராணிகளை விட்டுவிட்டுக் குழந்தை வளர்ப்புப் பக்கம் திரும்பினேன். குடியிருப்புக்குப் பயன்படும் என்றுதான். எங்கோ ஒரு தூர தேசத்தில், பிள்ளைகள் காப்பகத்தில் ஒரு பெண் பிள்ளைகளுக்குச் சளி மருந்தைக் கொடுத்துத் தூங்கவைத்து மாட்டிக்கொண்ட செய்தி. உண்மைச் செய்தி. ஊர், தேதி, இணைப்பு எல்லாம் கொடுத்தேன். மறுநாள், 'உங்கள் குழந்தை பகலில் அதிகம் தூங்குகிறதா?' என்று ஒரு கட்டுரை. ஒரு மருத்துவர் எழுதியது. அடுத்து, பார்த்துக்கொள்பவரிடம் பிள்ளை அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் கவனிக்க வேண்டியவை. எதிலும் நான் ஒரு வரி சொந்தமாகச் சேர்க்கவில்லை. கீழ்வீட்டக்கா பெயரை எழுதவே இல்லை.

மேடம், பிள்ளைகள் எல்லாமே மத்தியானம் தூங்கும். எல்லாப் பிள்ளைகளுமே பார்த்துக்கொள்பவரிடம் ஒட்டிக்கொள்ளும். கட்டுரை எழுதிய மருத்துவருக்கும் இது தெரிந்திருக்கும். படித்த அம்மாக்களுக்குத்தான் தெரியவில்லை.

மின்தூக்கியில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா என் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

"ஏங்க, ரெண்டும் வீட்டுக்கு வந்தா அழுவுதுங்க. அக்காகிட்டதான் போவேங்குது. முன்னல்லாம் நல்லாருக்குன்னு நெனச்சேன். இப்ப பயமா இருக்கு."

"அக்காவப் போய் சந்தேகப்படறீங்களே" என்றாள் என் மகள்.

"சந்தேகம்னு யார் சொன்னா? சும்மா சொல்றேன். உங்க பாப்பா எவ்ளோ நேரம் தூங்குது?"

மகள் மின்தூக்கிப் பொத்தானை மறுபடி அழுத்தினாள். கதவு திறந்ததும் மூன்று பேரும் ஒன்றாக வெளியே வந்தோம். அன்று மாலை அவள் பாப்பாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கீழ்வீட்டக்கா ஒவ்வொரு இணைப்பையும் படித்தார். படித்துவிட்டுப் பதிலும் போட்டார்: "தகவல் சரிதான் ஐயா. எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. எங்க வீட்டுக் கதவு தெறந்தேதான் இருக்கும், யார் எப்ப வேணாலும் வந்து பாக்கலாம்." நான் இரண்டே சொல் எழுதினேன்: "ஏன் அழைக்கிறீர்கள்?" கேள்விதான். குற்றச்சாட்டு இல்லை. ஆனாலும் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஒளிக்க ஏதும் இல்லாதவர் ஏன் கதவைத் திறந்து காட்ட வேண்டும் என்று எல்லோரும் யோசித்திருக்க வேண்டும். கதவை மூடி வைத்திருந்தால் ஏன் மூடினார் என்று யோசித்திருப்பார்கள்.

வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. ஒருவர் தன் அம்மாவை வரவழைத்துவிட்டார். இன்னொருவர் தூரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு காப்பகத்துக்குப் போனார். கடைசியில் செயலாளர் கூட்டம் போட்டார். செயலாளர் பெரிய மனிதர். 'நான் இங்கே தனிப்பட்ட முறையில் பேசவில்லை, ஒரு பதவியாகப் பேசுகிறேன்' என்று தொடங்கினால் பதவி வெகுநேரம் பேசும். அன்றும் பேசியது. சாராம்சம், தெளிவு ஏற்படும்வரை அக்கா பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது.

கீழ்வீட்டக்கா நாற்காலியில் உட்காரவில்லை. தூண் பக்கத்தில் நின்றார்.

"எதுல தெளிவு வேணும்னு சொல்லுங்க."

"பொதுவா ஒரு கவலை இருக்கும்மா."

"யாருக்கு? எந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு? ஒரு ஆதாரம் காட்டுங்க, நானே கதவ சாத்திட்டு ஊரைவிட்டுப் போயிடறேன்."

என் மகள் எழுந்து, "எங்க பாப்பா அக்காகிட்டதான் இருப்பா" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். கூட்டம் கலைந்தது. போகும்போது அக்கா என்னிடம் வந்தார். முகத்தில் கடுமை இல்லை. "நீங்களாவது ஆதாரத்தோட பேசுற ஆளு ஐயா. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம். இவ்வளவு நாள் நான் பகிர்ந்ததெல்லாம் வேறு தேசத்து உண்மைகள். எங்கள் குடியிருப்பைப் பொறுத்தவரை ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. ஆதாரம் இல்லாத விஷயத்தைப் பரப்பியவன் என்ற பெயர் எனக்கு மறுபடியும் வரும்போல இருந்தது. ஒருமுறை பட்டது போதும்.

பாப்பாவுக்கு அந்த வாரம் லேசாகச் சளி இருந்தது. மகள் வாங்கிய சிரப் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. குடித்தால் தூக்கம் வரும் என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதுவும் சரிபார்க்கப்பட்ட தகவல்தான். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். மனைவி குளியலறையில். பாப்பா சமர்த்தாகக் குடித்தாள். இனிப்பாக இருந்தது போலும், இன்னும் கொஞ்சம் கேட்டாள். கொடுத்தேன்.

தோளில் சாய்த்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கை நீட்டி வாங்கினார். "என்ன ஐயா, காலையிலேயே தூங்குது?"

"ராத்திரி சரியாத் தூங்கல" என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் இந்த மூன்று சொற்கள் மட்டுமே. மற்றதெல்லாம் உண்மை.

கொஞ்சம் அதிகம் தூங்குவாள், சாயங்காலம் மகள் வந்து எழுப்பச் சிரமப்படுவாள், இரட்டைப் பிள்ளைகளின் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும். இதுதான் என் கணக்கு. மத்தியானத்துக்கு முன்பே அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினார் என்று காவலாளி வந்து சொன்னான். மீதிப் பிள்ளைகள் இரண்டையும் அவனிடம் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். 'பிள்ளைகளைக் காவலாளியிடம் போட்டுவிட்டு ஓடிய பொறுப்பற்றவர்' என்று அதற்கும் குழுவில் ஒருவர் எழுதினார். நான் எழுதவில்லை.

மருத்துவமனையில் பாப்பாவின் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். உதடு ஒரு மாதிரி நிறத்தில் இருந்தது. மருத்துவர் வெளியே வந்து, "குழந்தை ஏதாவது குடிச்சதா? மாத்திரை, மருந்து, பூச்சிமருந்து? எதுன்னு தெரிஞ்சா எங்களுக்குச் சீக்கிரம் வேலை நடக்கும்" என்று கேட்டார். அக்காவைப் பார்த்துக் கேட்டார், பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார். இருவரும் இல்லை என்றார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து அவர் கேட்கவில்லை.

நீங்கள் நேற்று இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள் மேடம். "பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க, ஏன் சொல்லல?" ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வருவதற்கு முன் சொல்வது முறையல்ல என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

உங்கள் ஆட்கள் வந்து அக்காவை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். பாப்பாவின் யானைத் தம்ளர் ஒரு பிளாஸ்டிக் பையில் போனது. குழு கொதித்தது. ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்றார் ஒருவர். அக்கா வீட்டுச் சன்னல் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டதாகப் படம் வந்தது, அதற்கும் கட்டைவிரல்கள். நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. என் மகள் பக்கத்தில் அமர்ந்து, நகத்தைக் கடித்தபடி எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது செயலாளர் எழுதினார். பதவியாக எழுதினார்: "நம்பத்தகுந்த வட்டாரங்களில் இருந்து கிடைத்த தகவலின்படி, குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது தூக்க மாத்திரை. ஒரு அட்டை முழுவதும் காலியாகக் கிடந்ததாம். அனைவருக்கும் பகிரவும்."

எந்த வட்டாரம்? எந்த அட்டை? இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு தகவலையாவது சரிபார்த்திருப்பாரா? இரட்டைப் பிள்ளைகளின் அம்மா அதற்குக் கூப்பிய கைகள் போட்டாள். இன்னொருவர் மாத்திரையின் பெயரையே எழுதிவிட்டார். அது பரவிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால் ஒரு பொய், ஆதாரமே இல்லாமல், நான் கட்டிக்காத்த குழுவில் பரவிக்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

எழுதினேன்: "தவறான தகவல். மாத்திரை அல்ல. சளிக்குக் கொடுக்கும் சிரப்."

அனுப்பியதும் மனசு லேசானது. உண்மை அப்படித்தான்.

பிறகு கீழ்வீட்டக்காவின் எண்ணில் இருந்து பதில் வந்தது. நீங்கள் கேள்வி கேட்டு முடித்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள். குழுவில் இருந்து அவரை நீக்கச் சொல்ல எல்லோரும் மறந்திருந்தார்கள். குழுவை நடத்துபவன் நான், நீக்கும் அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. ஆனால் அவர் போய்விட்டால் நான் அனுப்புவதை யார் படிப்பது?

"ஆதாரம் இருக்கா ஐயா? ரத்த ரிசல்ட் இன்னும் வரலையே. சிரப்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் மகள் அதைப் படித்தாள். கைப்பேசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பாப்பாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்த அதே பார்வை.

"அப்பா" என்றாள்.

நான் செருப்பைப் பார்த்தேன்.

"அப்பா, அலமாரில இருந்ததா? மேல்தட்டுல இருந்த அந்த பாட்டிலா? சொல்லுங்கப்பா. எவ்வளவு? முழுசுமா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மருத்துவர் அறைக் கதவைக் கையால் அறைந்தாள். மருந்தின் பெயரைக் கத்தினாள். உள்ளே ஆட்கள் ஓடினார்கள். அதன்பிறகு செய்ய வேண்டியதை அவர்கள் சரியாகச் செய்தார்கள். இன்று பாப்பா நலமாக இருக்கிறாள். கீழ்வீட்டக்கா வீட்டில், உடைந்த சன்னலுக்கு அட்டை ஒட்டி, மகளும் பேத்தியும் அங்கேதான் தங்கியிருக்கிறார்கள் என்று மனைவி சொன்னாள். அவள் இங்கே வந்தது ஒருமுறைதான், இதைச் சொல்வதற்கு.

நான் நிதானமாக யோசிக்கிறேன் மேடம். குழுவில் அந்தத் திருத்தத்தை நான் போடாமல் இருந்திருந்தால் மருத்துவர்கள் இருட்டில் துழாவிக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரு வகையில், பாப்பாவைக் காப்பாற்றியது என் தகவல். இதை நீங்கள் எங்காவது எழுதிக்கொண்டால் நல்லது. உண்மையின் மேல் எனக்கு இருந்த பிடிப்பைச் சிலர் இப்போது வேறு மாதிரி பேசுகிறார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு காற்புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்பியவன் நான். ஆக்டோபஸ் இதயத்தைக்கூடப் பின்னால் மூன்று இடத்தில் எண்ணிச் சரிபார்த்தவன்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று எங்கே பார்த்தேன் என்று கேட்டீர்கள்.

எங்கேயும் பார்க்கவில்லை. கண்ணளவில் ஊற்றினேன்.